ஃபினாவின் ஞாயிறு ஆட்டங்கள்

ஆகஸ்ட் 11, திங்கள்

என் தங்கை ஃபினா என்னிடம் பொய் சொல்லிவிட்டுப் போனாள். ஹவானாவில் கண் மருத்துவரைப் பார்க்கப் போகிறேன், நான்கு நாளில் திரும்பிவிடுவேன் என்றாள். வழிக்கு ரொட்டியும் கொய்யாப்பழப் பாகும் கட்டிக் கொடுத்தேன். ஆறாம் நாள் உருகுவேயிலிருந்து பேசினாள். மோன்டெவிடியோவில் மகன் யோர்தானிஸ் வீட்டிலிருந்து. அது நடந்து இரண்டு வருடமும் ஒரு மாதமும் ஆகிறது. அதன்பிறகு அவள் அனுப்பிய ஒரு செய்திக்கும் நான் பதில் போடவில்லை.

இன்று போட்டுவிட்டேன். அதனால்தான் தவறு யாருடையது என்பதை முதலில் எழுதி வைக்கிறேன். பின்னால் எனக்கே மறந்துபோகக் கூடாது.

கைபேசியில் செஸ் ஆட ஆரம்பித்திருக்கிறாளாம். "அக்கா, நாப்பது ஆட்டம் ஆடி முப்பத்தாறு தோத்துட்டேன். எனக்குத் தெரிஞ்ச ஆட்டக்காரி நீ ஒருத்திதான்" என்று எழுதியிருந்தாள். நாற்பது வருடம் என் பலகையைப் பார்த்தாலே "இத எடு, தட்டு வைக்கணும்" என்றவள்.

"தோத்ததை எல்லாம் அனுப்பு" என்று எழுதினேன். நலமா என்று கேட்கவில்லை.

ஆகஸ்ட் 13

மின்சாரம் நான்கு மணி நேரம் இருந்தது. அதற்குள் அவள் முதலில் அனுப்பிய பதினோரு ஆட்டங்களையும் நோட்டில் பார்த்து எழுதிக்கொண்டேன். மின்சாரம் போனதும் ஜன்னல் வெளிச்சத்தில் பலகையை வைத்து ஒவ்வொன்றாக ஆடிப் பார்த்தேன். கியூபாவில், எங்கள் ஊர் ஓல்கீனில் இப்போது எல்லா வேலையும் இப்படித்தான்.

என்ன ஆட்டம் இது. இரண்டாவது நகர்த்தலிலேயே ராணியை வெளியே கொண்டுவருகிறாள். எட்டாவதில் ராணி காலி. ராஜா நடுத்தெருவில் நிற்கிறான். எதிராளி ஏன் அந்தக் காயை நகர்த்தினான் என்று ஒரு தடவைகூட அவள் யோசித்ததாகத் தெரியவில்லை.

எழுதி அனுப்பினேன்: மூன்று நிமிட ஆட்டத்தை இன்றோடு நிறுத்து. ஒரு நாளைக்கு ஒரே ஆட்டம், அரை மணி நேர ஆட்டம். கை வைக்குமுன் 'இவன் இப்போது எதைப் பிடிக்கப் பார்க்கிறான்?' என்று வாய்விட்டுக் கேள். பத்து நகர்த்தலுக்குள் ராஜாவைக் கோட்டைக்குள் வை. ஆட்டம் ஓடும்போது என்னிடம் ஒன்றும் கேட்காதே, சொல்ல மாட்டேன். அது திருட்டு. முடிந்த பிறகு அனுப்பு.

"சரிங்க டீச்சர்" என்று பதில் வந்தது. கிண்டல்.

ஆகஸ்ட் 19

பக்கத்து வீட்டு பாஸ்குவால் ஜன்னல் வழியாகப் பலகையைப் பார்த்துவிட்டார். பூங்காவில் முப்பது வருடமாக மேசையை விடாதவர். "என்ன சொராய்தா, வெளிநாட்டுக்கெல்லாம் பாடமா? நம்ம பார்க்குல உன்ன ஒரு நாளும் உக்காந்து பாத்ததில்லையே" என்றார்.

"உக்காருன்னு யார் சொன்னீங்க?" என்றேன்.

போய்விட்டார். உண்மைதான் அது. சர்க்கரை ஆலையின் தொலைபேசி நிலையத்தில் இருபத்தாறு வருடம் இருந்தேன். ஆலைக்கும் ஆலைக்கும் தொலைபேசியில் செஸ் போட்டி நடக்கும். அங்கிருந்து வரும் நகர்த்தலை வாங்கி இங்கே சொல்வதும், இங்கேயுள்ளதை அங்கே சொல்வதும் என் வேலை. பலகையே இல்லாமல், காதால் கேட்டே கற்றுக்கொண்டேன். எந்த அணிப் பட்டியலிலும் என் பெயர் இருந்ததில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஜெயித்தாள். ராணியை இழக்காமல்.

செப்டம்பர் 7

எழுத்தை விட்டுவிட்டுக் குரலில் அனுப்பியிருந்தாள். இரண்டு நிமிடம். மூன்று தடவை கேட்டேன். ஆட்டத்தைப் பற்றிக் கால் நிமிடம்கூட இல்லை. குளிருக்கு வீட்டுக்குள்ளேயே இரண்டு காலுறை போடுகிறாளாம். யோர்தானிஸும் மருமகளும் ஆறு மணிக்கு வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருகிறார்கள். அதுவரை பேச ஆளில்லை. "இங்க எல்லாரும் அக்குள்ல சுடுதண்ணி ஃபிளாஸ்க் வெச்சுக்கிட்டுத்தான் தெருவுல நடக்கறாங்க அக்கா. அந்த இலைத் தண்ணிய நான் ஒரு வாய் குடிச்சேன். என் மூஞ்சியப் பாத்து ஒரு கிழவி சிரிச்சா பாரு."

அவள் குரலுக்குப் பின்னால் ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. யாரும் சரி செய்யவில்லை போல. இங்கே இருந்திருந்தால் அன்றே ஒரு துணியைச் சுற்றிக் கட்டியிருப்பாள்.

நான் பதிலுக்கு ஆட்டத்தைப் பற்றி மட்டும் எழுதினேன். குதிரையை ஓரத்தில் வைக்காதே என்று.

செப்டம்பர் 15

இதை நிதானமாக எழுத வேண்டும்.

சிரித்த கிழவியின் பெயர் கிரிசெல்தாவாம். அந்தப் பகுதி நூலகத்தில் அறுபது வயதுக்கு மேற்பட்ட பெண்களின் செஸ் குழு ஒன்றை நடத்துகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரவர் வீட்டிலிருந்தே இணையத்தில் ஒருவரோடொருவர் ஆடுவார்கள். அக்டோபர் முடிவில் முதல் நான்கு இடத்தில் இருப்பவர்கள் அணி. மற்ற பகுதிகளோடு ஆட ஊர் ஊராகப் போவார்கள். ஃபினா சேர்ந்துவிட்டாள். ஃபினாவின் குடியிருப்பு அனுமதி நவம்பரில் முடிகிறது. புதுப்பிக்க வேண்டும், இல்லையென்றால் கிளம்ப வேண்டும்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அணியில எடுத்துக்கிட்டாங்கன்னா இருந்து பாக்கறேன் அக்கா. இல்லன்னா புதுப்பிக்கல. வந்துடறேன். மகன் வீட்டுச் சமையக்கட்டுக்காகவா இங்க உக்காந்திருக்கணும்?"

வந்துடறேன்.

அவள் அலமாரியைத் திறந்தேன். இரண்டு வருடத்தில் முதல் தடவை. மஞ்சள் கவுன், செருப்பு, எப்போதும் தேடிக்கொண்டிருப்பாளே அந்தக் கத்தரிக்கோல். எல்லாம் இருக்கிறது. எல்லாவற்றையும் எடுத்து வெயிலில் போட்டேன்.

செப்டம்பர் 28

ஃபினாவின் ஞாயிறு ஆட்டம், சமன். ஜெயித்திருக்க வேண்டியது. கடைசியில் அவளுக்கு ராஜாவும் ஒரு சிப்பாயும், எதிராளிக்கு வெறும் ராஜா. சிப்பாயை முன்னால் ஓடவிட்டுவிட்டு ராஜாவைப் பின்னால் நடக்கவிடுகிறாள். எதிராளி ராஜா வந்து வழியில் நின்றுகொள்கிறான். முடிந்தது கதை.

ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது எனக்கு. அரைப் பக்கத்தில் எழுதிவிடலாம்.

ஆட்டத்தின் தொடக்கத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். முடிவைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

அக்டோபர் 5

மறுபடியும் சமன். அதே தப்பு. "கடைசில மட்டும் கைய விட்டுப் போகுது. என்னதான் தப்பு பண்றேன்?" என்று கேட்டிருந்தாள்.

"பழகப் பழக வரும்" என்று எழுதினேன்.

அக்டோபர் 6

ஐந்தாம் இடத்தில் இருக்கிறாள். ஐந்தாம் இடமே போதும்.

அக்டோபர் 9

தொலைபேசி நிலையத்தில் ஒரு விதி உண்டு. லைனில் இருப்பவள் கேட்டதைச் சொல்லலாம், தன் நினைப்பைச் சொல்லக் கூடாது. ஒரு தடவை எங்கள் ஆலைப் பொறியாளர் யானையைத் தூக்கிக் கொடுக்கும் நகர்த்தலை என்னிடம் சொன்னார். எனக்குத் தெரிந்தது. அடுத்த ஆலைக்காரன் சிரிக்கப் போவதுகூட காதில் விழுந்தது. வாயை மூடிக்கொண்டு அப்படியே அனுப்பினேன். அவர் தோற்றார். நான் சரியாக நடந்துகொண்டேன். இன்றும் அப்படித்தான் சொல்வேன்.

ஃபினா விஷயத்திலும் அதைத்தான் செய்கிறேன் என்று இந்தப் பத்து நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அந்த விதி ஆட்டம் ஓடும்போதுதானே? இவள் ஆட்டம் முடிந்த பிறகல்லவா கேட்கிறாள்? வாய்விட்டுக் கேட்டாளே. நான் எந்த லைன்ல உக்காந்திருக்கேன் இப்போ?

அவ வரணும். அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்ல.

அக்டோபர் 12, ஞாயிறு

தோற்றாள். ஐந்தாம் இடமேதான். கருப்பு அவரை சமைத்தேன், இரண்டு பேருக்கு அளந்துவிட்டேன்.

அக்டோபர் 14

பத்தொன்பது மணி நேரமாக மின்சாரம் இல்லை. ஃபினா கட்டிலின் விரிப்பையும் கொசுவலையையும் துவைத்துக் கட்டினேன்.

பாஸ்குவால் காபிக்கு வந்தார். கட்டிலைப் பார்த்தார். "வர்றாளா?"

"வருவா."

பலகையில் அந்தச் சமனான ஆட்டம் இருந்தது. எடுத்து வைக்க மறந்துவிட்டேன். காபியை ஊதிக்கொண்டே பார்த்தார். ஒரு விரலால் வெள்ளை ராஜாவைச் சிப்பாய்க்கு முன்னால் தள்ளி வைத்தார்.

"இத அவளுக்குச் சொல்லலையா?"

"சொல்லணும்."

"எப்ப?"

காய்களை எடுத்துப் பெட்டியில் போட்டேன். அவர் மேலே கேட்கவில்லை. பொதுவாக வாய் ஓயாத மனிதர். கோப்பையைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அக்டோபர் 16

சொல்லிவிட்டேன். மின்சாரம் வந்ததும் குரலிலேயே அனுப்பினேன். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவள் என் குரலைக் கேட்கிறாள். ராஜா முன்னால் போகட்டும், சிப்பாய் பின்னால் வரட்டும். இரண்டு ராஜாக்களும் நடுவில் ஒரே ஒரு கட்டம் விட்டு எதிரெதிரே நின்றால், நகர வேண்டியவன்தான் வழி விடுவான். அந்த முறை எதிராளிக்கு வரும்படி பார்த்துக்கொள். பலகையில் மூன்று காய் வைத்து நூறு தடவை ஆடு.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. "அக்கா, இது உனக்கு எப்பத் தெரியும்?"

"மூணு வாரமா."

"அப்புறம் ஏன் சொல்லல?"

அழித்து அழித்து எழுதினேன். கடைசியில் மனதில் இருந்ததை எழுதினேன். "நீ தோத்தா வந்துடுவேன்னு."

படித்துவிட்டாள் என்று காட்டியது. பதில் இல்லை.

அக்டோபர் 17

இல்லை.

அக்டோபர் 18

இல்லை. இரண்டு வருடம் நான் பதில் போடாதபோது அவளுக்கு இப்படித்தான் இருந்ததா?

இருக்கட்டும். ஹவானாவுக்கு என்று அவள்தானே சொன்னாள்.

அக்டோபர் 20

நேற்றைய ஆட்டம் வந்திருந்தது. ஒரு வார்த்தை இல்லை, ஆட்டம் மட்டும். பலகையில் வைத்து ஆடினேன். ஐம்பத்திரண்டாவது நகர்த்தலிலிருந்து ராஜா முன்னே நடக்கிறான். ஒவ்வொரு கட்டமாக, அவசரமில்லாமல். சிப்பாய் அசையாமல் காத்திருக்கிறது. எதிரி ராஜா விலகுகிறான்.

எந்த ஆலையின் அணியிலும் இவ்வளவு சுத்தமாக ஒரு முடிவை நான் கேட்டதில்லை. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன்.

அக்டோபர் 23

பேசினாள். செய்தியில்லை, நேராக அழைத்தாள். முதலில் குழாய்ச் சொட்டு கேட்டது.

"அன்னிக்கு உண்மையச் சொல்லியிருந்தா என்ன விட்டிருப்பியா?"

"விட்டிருக்க மாட்டேன். உன் பெட்டிய ஒளிச்சு வெச்சிருப்பேன்."

"அதான் சொல்லல."

"சொல்லியிருக்கணும். வாசல்ல நின்னாவது சொல்லியிருக்கணும். ரொட்டி கட்டிக் குடுத்தேன்டி உனக்கு."

அவள் அழுதாள். நான் விட்டுக்கொடுக்கவில்லை, அது தப்புதான் என்று இன்னொரு தடவையும் சொன்னேன். பிறகு அந்த ரொட்டியை விமானத்தில் சாப்பிட்டதாகச் சொன்னாள். பாகை மட்டும் அங்கே போய்ச் சேரும்வரை மிச்சம் வைத்திருந்தாளாம். எவ்வளவு நேரம் பேசினோம் என்று தெரியவில்லை. மின்சாரம் போய், சிக்னலும் போய், பேச்சு அறுந்த பிறகும் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 27

நேற்றும் ஜெயித்தாள். மூன்றாம் இடம். கிரிசெல்தா அவளுக்கு "கியூபாக்காரி" என்று பெயர் போட்டு அணிப் பட்டியலை நூலகக் கதவில் ஒட்டியிருக்கிறாளாம். படம் அனுப்பியிருந்தாள். பெரிதாக்கிப் பார்த்தேன். கையெழுத்து மோசம்.

நவம்பர் 11

அனுமதியைப் புதுப்பித்துவிட்டாள். இரண்டு வருடத்துக்கு.

நவம்பர் 14, வெள்ளி

செய்ய வேண்டியவை.

ஃபினா: முதல் வெளியூர் ஆட்டத்துக்கு முன் இரண்டு யானைகள் மிஞ்சும் முடிவுகளைப் படிக்க வேண்டும். தோற்ற ஆட்டத்தை முதலில் அனுப்ப வேண்டும், ஜெயித்ததைப் பிறகு. கைபேசித் திரை கண்ணைக் கெடுக்கும், அங்கேயே ஒரு நல்ல கண் மருத்துவரை, இந்தத் தடவை நிஜமாகவே, பார்க்க வேண்டும்.

யோர்தானிஸ்: அம்மாவுக்கு மரப்பலகை ஒன்று. குழாயைச் சரி செய்ய வேண்டும், எனக்கு இங்கேவரை கேட்கிறது.

பாஸ்குவால்: நாளைக் காலை வந்து ஃபினாவின் கட்டிலின் மறுமுனையைப் பிடிக்க வேண்டும். அவருடைய அத்தை தரையில் படுக்கிறார்கள், அவர்களுக்குப் போகட்டும். ஞாயிறு பூங்காவில் எனக்கு ஒரு நாற்காலி. கேட்டாயிற்று, சரி என்று சொல்லிவிட்டார். மறக்கக் கூடாது.

நான்: மஞ்சள் கவுனை மடித்து உள்ளே வைக்க வேண்டும். ஞாயிறுதோறும் மின்சாரம் எப்போது இருக்கும் என்று முன்னாலேயே விசாரித்து அவளுக்குச் சொல்ல வேண்டும். எப்போது வருகிறாய் என்று அவளிடம் கேட்கக் கூடாது. மார்ச் மாதம் வரையிலாவது.