முகாமில் நான் மறைத்த கண்

அக்கா, காலையில் திருநீறு எடுக்கச் சாமி அலமாரியில் கைவிட்டேன். ஆபரேஷனுக்குப் பிறகு நீங்கள் போட்டிருந்த கருப்புக் கண்ணாடி தட்டுப்பட்டது. கற்பூர வாசனை ஏறிக் கிடந்தது. போட்டுப் பார்த்தேன். உங்களுக்கு இருந்த எடுப்பு எனக்கு இல்லை. எதில்தான் இருந்தது? ஒரே வீட்டுக்கு மருமகளாக வந்தோம். காப்பி பறித்தாலும் உங்கள் கூடைதான் முதலில் நிறையும்.

கண்ணிலும் அப்படித்தான். எனக்கு உள்ளே விழித்திரை விலகி, சேலத்தில் ஆபரேஷன் செய்து, கண்ணுக்குள் காற்று அடைத்தார்கள். அது கரையும்வரை நம் மலைக்கு ஏறக் கூடாதாம், கண்ணில் அழுத்தம் கூடிவிடுமாம். சேலத்திலேயே தம்பி வீட்டில் கவிழ்ந்தே கிடந்தேன். மலைமேல் சேர்வராயன் சாமி தேருக்கு நீங்கள் மட்டும் மாவிளக்கு எடுத்தீர்கள்.

அடுத்த வருஷமே அதே கண்ணில் புரை. உங்களுக்கும் புரை. வெள்ளக்கடை கண் முகாமில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"முன்னாடி கண்ணுல ஆபரேசன் ஏதாச்சும் பண்ணிருக்கீங்களா?" என்று நர்ஸ் கேட்டாள்.

சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நீங்கள் மட்டும் போய் வெளிச்சமாகத் திரும்புவீர்கள். "ஒண்ணுமில்லீங்க" என்றேன், நெற்றி நிறையத் திருநீற்றோடு.

நீங்கள் விட்டீர்களா? "ஏனுங்க நர்சம்மா, இவ பொய் சொல்றாளுங்க. உள்ள திரையில ஆபரேசன் ஆயிருக்குது. காயிதம் ஊட்டுல இருக்குது."

உங்களை வேனில் ஏற்றினார்கள். என்னைச் சேலத்துப் பழைய டாக்டரிடமே போகச் சொன்னார்கள். மூன்றாம் நாள் வாசலில் நின்று சிரித்தீர்கள். "ஏங்கண்ணு, உன்ற மூக்குத்தியில ஒரு கல்லு உழுந்துருக்குதே, பாக்கலியா?"

ஒரு மாதம் உங்களோடு பேசவில்லை.

பிறகு சேலத்து டாக்டர் சொன்னார்: "போன ஆபரேசன்ல உள்ள இருந்த ஜவ்வை எடுத்த கண்ணும்மா இது. தெரியாம கைவெச்சிருந்தா லென்சு உள்ள உழுந்திருக்கலாம். முகாம்ல யாரு எடுத்துச் சொன்னது?"

"நானேதாங்க" என்றேன்.

தனி ஏற்பாட்டோடு புரையை எடுத்துவிட்டார். உங்கள் அளவுக்குத் தெளிவு இல்லை, கதவு நிலை கொஞ்சம் வளைந்துதான் தெரிகிறது. டாக்டரிடம் சொன்ன பொய்யை உங்களிடம் சொல்லிவிடலாம் என்று நாளைத் தள்ளிக்கொண்டே போனேன். அதற்குள் போய்விட்டீர்கள். அதிலும் நீங்கள்தான் முதலில்.

முகம் பார்க்கும் கண்ணாடியில் பார்த்தால் மூக்குத்தியில் கல் விழுந்த குழி இப்போது எனக்கே தெரிகிறது. மகள் புதுக்கல் வைக்கச் சொல்கிறாள். நான் வைக்கவில்லை. புதுக்கண்ணோடு வந்து நீங்கள் முதலில் பார்த்தது என் முகத்தைத்தான், அக்கா. அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.