கரடி பொம்மை ஆட்டம்

ஐஸ் ஹாக்கியை விட்டு ஓடினவளுக்கு,

மினசோட்டா முழுக்கச் சுற்றித் தோற்றுவிட்டோம். இதுவரை பதினேழு தோல்வி. முதல் ஆட்டத்தில் நீ ஒரு கோலைக் கோட்டைவிட்டதை இப்போது யாரும் நினைப்பதில்லை. அதற்குப் பிறகு நாங்கள் அவ்வளவு விட்டிருக்கிறோம்.

நேற்று கரடி பொம்மை ஆட்டம், ஆஸ்பத்திரிக் குழந்தைகளுக்காகப் பார்வையாளர்கள் ஐஸ் களத்தில் பொம்மை வீசுவார்களே, அதுதான். நம் அணி முதல் கோல் போடும்வரை யாரும் பொம்மையை வீசக் கூடாதே. கடைசி நிமிடம்வரை எல்லோரும் மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். எதிரணி ஐந்து போட்டிருந்தது. வலையைக் காத்தவள் யார் என்று கேட்காதே.

களத்து ஐஸைச் சமன்செய்யும் வண்டி ஓட்டும் ஆர்வில் எழுந்தார். "இவளுங்கள நம்பினா கரடிக்கே நரைச்சிடும்," என்று தன்னுடையதை வீசினார். அரங்கமே வீசியது. ஆட்டத்தைத் தடுத்ததாக நடுவர் நமக்குத் தண்டனை கொடுத்தார். பயிற்சியாளர்கூடச் சிரித்தார்.

மற்ற பொம்மைகள் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டன. ஆர்விலின் கரடி மட்டும் உன் சட்டையைப் போட்டுக்கொண்டு, உடைமாற்றும் அறையில் உன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

சனிக்கிழமை கடைசி ஆட்டம். நாம் கோல் போட்டால் அந்தக் கரடியை வீச ஓர் ஆள் வேண்டும். போடாவிட்டாலும் வீசலாம், வா.

உன்,
ஓட்டை வலைக்காரி