மற்றும் பிறர்

தாராபுரம்
6 ஜனவரி 2025

அன்புள்ள வேலு,

சௌக்கியமா? அம்மா இன்னும் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகிறார்களா?

ஆய்வேட்டை இந்த மாதக் கடைசியில் சமர்ப்பிக்க வேண்டும். நெறியாளர் நடுவில் ஓர் அத்தியாயம் சேர்க்கச் சொன்னார். இப்போது நான் கையால் அடித்த ‘அட்டவணை 4 காண்க’ எல்லாம் எங்கெங்கோ காட்டுகின்றன. மேற்கோள்களும் ஒரே குழப்பம். வகுப்புக்கே நீதானே இதெல்லாம் சரிசெய்து கொடுப்பாய்! கோப்பை இணைத்திருக்கிறேன். மாட்டேன் என்று மட்டும் சொல்லிவிடாதே.

அன்புடன்,
அனு

திருப்பூர்
9 ஜனவரி 2025

அன்பு அனு,

இரண்டு வருடமாக எட்டிக்கூடப் பார்க்காமல், இப்போது கோப்போடு வந்து நிற்கிறாய். போகட்டும். கம்பெனியில் நாளெல்லாம் துணி வாங்கும் வெளிநாட்டு பையர்களுக்கு மெயில் அடித்து அலுத்தவளுக்கு இது விருந்துதான்.

அட்டவணைகளுக்குக் கணினியே எண் போடும்படி செய்து, ‘காண்க’ என்ற இடங்களில் அந்த எண்ணோடு இணைப்புக் கொடுத்தேன். வேண்டுமென்றே ஓர் அட்டவணையை இடம் மாற்றி, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து F9 தட்டினேன். எல்லா எண்களும் தானாக மாறின! எப்படித்தான் நினைவு வைத்துக்கொள்கிறதோ என்று நோண்டிக்கொண்டே இருந்தேன். எண்ணைத் தொட்டால் பின்னால் சாம்பல் நிறம் வருகிறது. அம்மா பார்த்துவிட்டு, “என்னட்டி, எழுத்தெல்லாம் சாம்பல் பூத்துக் கெடக்கு?” என்கிறாள்.

ஒரு சந்தேகம். பனியன் கம்பெனிப் பெண்களின் டீ இடைவேளை பற்றி நாம் எழுதிய கட்டுரையை ‘அனுப்பிரியா மற்றும் பிறர்’ என்று சுட்டியிருக்கிறாய். மூன்று பேராவது எழுதியிருந்தால்தான் அப்படிச் சுருக்க வேண்டும். நாம் இருவர்தானே? பேட்டி எல்லாம் நான் எடுத்ததால் என் பெயர் முதலில் என்று நீதான் சொன்னாய். கடைசிப் பட்டியலிலும் அந்தக் கட்டுரை இல்லை. முழு விவரம் அனுப்பு. அப்பா நோயில் படுத்துவிட்டதால் நான் படிப்பை விட்டு வந்த பிறகு, அது அச்சில் வந்ததை நான் பார்க்கவே இல்லை. அடுத்த மாதம் ஒரு கல்லூரியில் எனக்கு நேர்முகத் தேர்வு. காட்டுவதற்கு அது ஒன்றுதான் இருக்கிறது.

உன்,
வேலு

தாராபுரம்
11 ஜனவரி 2025

அன்புள்ள வேலு,

நீ ஒரு கெட்டிக்காரி! அந்த ஒரு மேற்கோளை மட்டும் இருக்கிறபடி விட்டுவிடேன். மற்றதை முடித்து அனுப்பு.

அனு

திருப்பூர்
12 ஜனவரி 2025

அன்பு அனு,

எப்படி விடுவது? பட்டியலில் இல்லாத கட்டுரையைச் சுட்டினால் உன் நெறியாளர் சும்மா இருப்பாரா? யார் அந்த மூன்றாவது ஆள்? அவர் பெயரைத்தான் சேர்த்தாயா? நானும் தலையைப் பிய்த்துக்கொள்கிறேன். சொல்லேன்.

உன்,
வேலு

தாராபுரம்
17 ஜனவரி 2025

அன்புள்ள வேலு,

எங்கள் யுவன் அண்ணன்தான். வெளிநாட்டில் எம்.பி.ஏ. சேர அவனுக்கு ஒரு கட்டுரை தேவைப்பட்டது. அப்பா கூப்பிட்டு, “ஏங் கண்ணு, நம்ம கம்பெனிக்குள்ள உங்களைப் பேட்டி எடுக்க உட்டதே அவந்தானே? அவம் பேரும் இருக்கட்டும்” என்றார். நீ படிப்பை விட்டுப் போயிருந்தாய். யாரிடம் கேட்பது? அனுப்பிரியா, யுவன், வேல்விழி என்று அச்சாகிவிட்டது. உன் பெயரை எடுக்கவில்லையே! என் நிலைமையையும் யோசித்துப் பார். இந்த ஆய்வேட்டின் நன்றியுரையில் ‘கணினி உதவி: என் ஆருயிர்த் தோழி வேல்விழி’ என்று சேர்த்துவிட்டேன். திருத்திய பக்கத்தை இணைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அனு

திருப்பூர்
20 ஜனவரி 2025

அனுப்பிரியா அவர்களுக்கு,

கோப்பு முடிந்தது. இனி எத்தனை அத்தியாயம் சேர்த்தாலும் எண்கள் சரியாக வரும். அந்தக் கட்டுரையைப் பட்டியலில் சேர்த்துவிட்டேன், மூன்று பெயரோடும். ‘மற்றும் பிறர்’ விதிப்படி சரிதான், கை வைக்கவில்லை.

யாரிடம் கேட்பது என்று எழுதியிருந்தீர்கள். என் போன் நம்பர் அன்றும் இன்றும் ஒன்றுதான். மனசு ரொம்ப வலித்தது. நேர்முகத் தேர்வில் அந்தக் கட்டுரையைக் காட்டத்தான் போகிறேன். பேட்டி எடுத்தது யார் என்று கேட்டால் நான் என்று சொல்வேன்.

நீங்கள் அனுப்பிய நன்றியுரைப் பக்கத்தை, என்னைப் பற்றிய வரியை மட்டும் அழித்துவிட்டு, கோப்பில் சேர்த்திருக்கிறேன். எழுதியவள் என்று உங்களால் முதலில் சொல்ல முடியாதவளை, உதவியவள் என்றும் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
சு. வேல்விழி