கனடாவிலிருந்து வராத விருந்தாளிகள்

என் அன்பான தவமலருக்கு,

போய்ச் சேர்ந்த இடத்திலாவது உமக்கென்று ஓர் அறை கிடைத்ததா?

ஊரில் யுத்தம் முடிந்த அடுத்த வருடம் நீர் பிரெஞ்சு நாட்டில் எங்கள் சனம் கூடி வாழும் லா ஷப்பலுக்கு வந்தீர். தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு டீச்சர் கிடைத்ததில் எல்லோருக்கும் சந்தோஷம். தனியாக வந்த பெண்ணுக்கு அறை கொடுக்கத்தான் ஒருவருக்கும் மனமில்லை. "குமர்ப்பிள்ளை, நாளைக்கு ஒண்டெண்டால் ஆர் பதில் சொல்லுறது?" என்று நிர்வாகத்து அண்ணைமார் இழுத்தார்கள். பெரிய மனுஷி மாதிரி நான்தான், "என்ரை வீட்டை இருக்கட்டும்" என்றேன். ரூ பஜோல் தெருவில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் நடைதூரம். மகள் ஆரணியின் அறையில் உமக்கும் ஒரு கட்டில் போட்டேன்.

அவளுக்கு அப்போது பத்து வயது. நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில்தான் பதில் வரும். உம்மிடம் மட்டும், "ஓம் டீச்சர், இஞ்சை வாங்கோ டீச்சர்" என்று வாய் ஓயாது. குசினியில் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். சந்தோஷப்பட வேண்டியவள்தானே நான்? வயிறு எரிந்தது, தவமலர். ஒருநாள் தலை பின்னக் கூப்பிட்டேன். "டீச்சர் பின்னி விடுவா" என்றாள். அதைத் தமிழில் சொன்னதுதான் இன்னும் சுட்டது.

அடுத்த கிழமையே, "கனடாவிலை இருந்து எங்கடை ஆக்கள் வருகினம், அறை வேணும்" என்று உம்மிடம் சொன்னேன். உடுப்புகளை மடித்துப் பையில் வைத்தபடி, "பிரச்சினை இல்லை அக்கா" என்றீர். யாரும் வரவில்லை. நீர் நகரத்துக்கு வெளியே செவ்ரானில் ஒரு வீட்டில் ஒதுங்கி, பிறகு ஸ்தேனில் யாரோ வீட்டுச் சோபாவில் படுத்தெழும்பி, ஒரு வகுப்புக்கும் பிந்தாமல் வந்தீர். வந்த விருந்தாளிகள் சுகமா என்று என்னிடம் ஒருநாளும் கேட்கவில்லை. தெரிந்துதான் கேட்கவில்லையா?

போன மாரிக் குளிரில் உமது செத்த வீட்டில் ஆரணி குலுங்கிக் குலுங்கி அழுதாள். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. நான் செத்தாலும் இப்படி அழுவாளா என்றுதான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இப்போது அவளும் உமது பள்ளிக்கூடத்தில்தான் படிப்பிக்கிறாள். உமது இடத்துக்கு ஒரு பெண் வந்திருக்கிறாளாம், தங்க வீடில்லையாம். "எங்கடை வீட்டிலை தங்க விடுவமோ அம்மா?" என்று கேட்டாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "டீச்சரை ஏன் அனுப்பினனீங்கள் எண்டு எனக்குத் தெரியும்" என்றாள்.

"தெரிஞ்சும் ஏன் இவ்வளவு நாளும் என்னட்டைக் கேக்கேல்லை?"

"டீச்சர்தான் சொன்னவ, அம்மா பாவம், கேக்காதை எண்டு."

என்னை மன்னிக்கவும் அவள் உம்மிடம்தான் படித்திருக்கிறாள், பாரும்.

கட்டில் போட்டாயிற்று. புது டீச்சரைப் பார்த்தும் எரிவேன். என் குணம் அது. ஆனால் அவளாகப் போகும்வரை போகச் சொல்லமாட்டேன். இது உம்மேல் சத்தியம்.

இன்னும் உம்மேல் பொறாமை தீராத,
உம்முடைய அக்கா