இரண்டாவது வாசல்

கரம்பொன்,
02.06.2024

அன்புள்ள சின்னண்ணைக்கு,

போனில் நீங்கள் இரண்டு சொல்லுக்கு மேல் பேசுவதில்லை, அதனால்தான் எழுதுகிறேன். முழங்கால் வலி எப்படி? போன முறை கேட்டதற்கும் பதில் இல்லை.

எங்கள் நாடகக் குழு இவ்வளவு காலமும் ஆடிய பாலர் பாடசாலை மண்டபத்தை அடுத்த மாதத்தோடு விட வேண்டும். நீங்கள் சம்மதித்துத் தந்த எங்கள் பழைய வீட்டில் கூரை வேலை முடிந்துவிட்டது. நடுக்கூடத்தில் மேடையும் போட்டாயிற்று. குழுவில் நடிக்கிற கிறேசம்மா அதில் ஏறி நின்று, "இனி எங்களை ஆரும் எழுப்ப ஏலாது!" என்று கத்தினா.

ஆனால் கட்டடம் பார்க்க வந்த பொறியியலாளர் ஒரு வாசல் போதாது என்கிறார். நெருப்புப் பிடித்தால் சனம் ஓட இன்னொன்று வேண்டுமாம். பெரியண்ணையின் அறையைத் திறந்தால்தான் பின்வளவுக்கு வழி. தொண்ணூறாம் ஆண்டு ஆமி அவரைப் பிடித்துக்கொண்டுபோன நாளிலிருந்து அம்மா பூட்டி வைத்த அறை என்று எனக்கும் தெரியும். திறக்கட்டோ?

அன்புத் தங்கை,
இந்துஜா

*

பேர்கன், நோர்வே,
19.06.2024

இந்து,

வீட்டைத் தரும்போதே சொன்னேன், அந்த அறையைத் தொடக் கூடாதென்று. வேறு சுவரை உடை.

முழங்கால் பரவாயில்லை.

சின்னண்ணை

*

கரம்பொன்,
08.07.2024

அன்புள்ள சின்னண்ணைக்கு,

இரண்டு முறை போன் எடுத்து, மணி அடிக்க முன்னரே வைத்துவிட்டேன்.

மற்றச் சுவர்களை உடைத்தால் கூரை இறங்கிவிடும் என்று மேசன் அன்ரனிதாஸ் சொல்லிவிட்டார். உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் பூட்டை உடைக்கச் சொன்னேன். உள்ளே தூசியும் பெரியண்ணையின் கட்டிலும்தான்.

ஓகஸ்ட் 24ஆம் திகதி இந்த வீட்டில் எங்கள் முதலாவது நாடகம். வீட்டைத் திருப்பிக் கேட்டால் போய்விடுகிறோம். ஏசுங்கள் அண்ணை. பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

இந்துஜா

*

பேர்கன்,
29.07.2024

அன்புள்ள இந்து,

உன்னை ஏச எனக்கு வாய் இல்லை.

அன்றைக்கு உனக்கு ஆறு வயது. அம்மாவோடு கோயிலில் இருந்தாய். நான் வெளியே போயிருந்ததாகத்தான் உனக்குச் சொல்லி வைத்தோம். நான் அந்தக் கட்டிலுக்குக் கீழே கிடந்தேன். வந்தவர்கள், "உள்ள வேற ஆர்?" என்று கேட்டார்கள். "ஒருத்தருமில்லை, நான் மட்டும்தான்" என்று சொல்லிக்கொண்டே பெரியண்ணை எழும்பிப் போனார். நான் மூச்சுக் காட்டவில்லை.

அறையைப் பூட்டச் சொல்லி அம்மாவிடம் அழுதது நான்தான். கதவு திறந்தால் இன்னும் கீழே கிடக்கிற என்னை ஊரே கண்டுவிடும் என்று முப்பத்துநான்கு வருடமாகப் பயம்.

வாசலை அகலமாக வெட்டச் சொல்லு. இரட்டைக் கதவு போடு.

டிக்கெட் எடுத்துவிட்டேன். உள்ளே வந்து இருக்க என்னால் ஏலுமோ தெரியாது. பின்வளவில் நிற்பேன். நாடகம் முடிய, அந்த வாசலால் நீ முதல் வா.

உன் சின்னண்ணை,
பிரதாபன்