இழுப்புக்குத் தந்த மாத்திரை

சாரங்காவின் அப்பாவுக்கு,

போனில் சொல்ல வாய் வரவில்லை, எழுதுகிறேன்.

மூச்சு இழுப்புக்காகத் தினமும் குடிக்கும் மாத்திரையைத் தொடங்கியபின் சாரங்கா சரியாக நித்திரை கொள்ளவில்லை. தொட்டதற்கெல்லாம் அழுதாள். செல்லம் கூடிவிட்டதென்று ஏசினேன்.

செவ்வாய்க்கிழமை, எப்போதும் டேனிஷில் பேசுபவள் தமிழில் கேட்டாள்: "அம்மா, நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதிதானே?"

அவளுக்குப் பத்து வயது.

உடனே டாக்டருக்குப் போன் எடுத்தேன். இந்த மாத்திரை சிலருடைய மனதைக் குழப்பும் என்றார். பெட்டிக்குள் இருந்த தாளில் அது எழுதியிருக்கிறது. நான் வாசிக்கவில்லை. அன்றே நிறுத்தச் சொல்லி, இன்ஹேலரின் அளவை மாற்றினார்.

நேற்று நன்றாக நித்திரை கொண்டாள். இன்று பள்ளிக்கூடம் போனாள். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை.

சனிக்கிழமை ஓல்போர்க்கில் வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது அவளிடம் ஒன்றும் விசாரிக்க வேண்டாம். அவளுக்குப் பக்கத்தில் இருங்கள். எனக்குப் பக்கத்திலும்.

அவளுடைய அம்மா