முகட்டு ஓடும் நைனாவின் வலையும்

அன்பு மகள் வளர்மதிக்கு அம்மா சொல்லச் சொல்லத் தங்கச்சி எழுதுவது. தலையில் ஒரு சொட்டு விழாமல் நாங்கள் மூவரும் சுகம், நீயும் ஆஸ்பத்திரி விடுதியில் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க எல்லையம்மன் துணை. போனில் பேசினால் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கோயம்புத்தூர் திரும்பும் முத்தம்மாள் அத்தையிடம் கடிதமாகவே கொடுத்தனுப்புகிறேன். கூட இறால் கருவாடும் இருக்கிறது, விடுதிக்குள் வறுத்துத் திட்டு வாங்காதே. முகட்டு ஓடு ஆடுகிறது, ஏறிப் பாருங்கள் என்று உங்கள் நைனாவிடம் ஆடி மாதத்திலிருந்து சொன்னேன், காற்று வரட்டும் பார்க்கலாம் என்றார். போன வாரம் காற்று வந்தது, அவர் பொன்னேரியில் கல்யாண விருந்தில் இருந்தார். முகட்டு ஓடுகள் கழன்று டிவி மேல் மழை கொட்டியது. கொத்தனார் தனக்கோடியைக் கூப்பிட்டு நானே நின்று பூசவைத்தேன், இனிப் புயலே வந்தாலும் அசையாது. வெள்ளிக்கிழமை ஏரியில் நம் பாடு, இறால் வலை கட்டும் முறை நமக்கு வருகிறது, வலை பத்திரமாக இருக்கிறது என்று எழுதச் சொல்லி நைனா பக்கத்தில் நிற்கிறார். ராத்திரி டூட்டிக்குத் தனியாக நடக்காதே, ஈரத்தலையோடு தூங்காதே, நல்லா இரு.

இப்படிக்கு, உன் அம்மா மணியம்மாள்.

அக்கா, இனி எழுதுவது நான். இரண்டு பேரும் தூங்கிவிட்டார்கள். போன் நைனா தலையணைக்கு அடியில் இருக்கிறது, அடுப்படியில் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்தெல்லாம் இறால் மாதிரி சுருண்டிருக்கும், திட்டாதே. வலை பத்திரமாக இருக்கிறது என்று மேலே எழுதினேனே, அது நம் முகட்டுக்குள் இருக்கிறது. அன்றைக்குத் தனக்கோடி மாமா ஏறிப் பார்த்து, வெறும் சிமெண்டு இந்தக் காத்துக்கு நிக்காதுக்கா, அடியில கம்பி வலை வெச்சாத்தான் புடிக்கும்னு சொன்னார். கம்பி வலைக்கு எங்கே போவது, பஸ்ஸே ஓடவில்லை. நம்மகிட்ட இல்லாத வலையா என்று கேட்டுவிட்டு அம்மா பின்பக்கம் சாக்கு மூடிக் கிடந்த கிழிசல் வலையை இழுத்துக்கொண்டு வந்தாள். இன்னாக்கா புதுசாட்டம் கீதேன்னு அவர் இழுத்தார். கிழிசல்தான், வெச்சுப் பூசு, மழை வருதுன்னு அம்மா அதட்டினாள். முழம் முழமாக மேலே ஏற்றிவிட்டது நான்தான் அக்கா. மறுநாள் பார்த்தால் கிழிசல் வலை கோழிக்கூண்டுக்குப் பின்னால் அப்படியே கிடக்கிறது, முகட்டுக்குள் போனது வெள்ளிக்கிழமைப் பாட்டுக்கென்றே நைனா கட்டி முடித்த புது வலை. உங்க நைனாகிட்ட வாயைத் தொறந்தே, தொலைச்சுடுவேன்னு சொல்லி, என் கையைத் தன் தலையில் வைத்து அம்மா சத்தியம் வாங்கிவிட்டாள்.

நைனாவோ ஊரிலிருந்து வந்து புது வலை மூட்டையைக் காணாமல், காற்றுதான் அடித்துக்கொண்டு போய்விட்டது என்று நினைத்துவிட்டார். சோற்றுக்கு மட்டும் வீட்டுக்கு வருகிறார், மற்ற நேரமெல்லாம் கரையோரம் புதர் புதராக விலக்கித் தேடுகிறார். துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போகிறார், நானும் குனிந்து குனிந்து தேடுகிறேன். வலையைக் கட்டிவெக்காம விருந்துக்குப் போனேன்னு உங்கம்மா ஊரையே கூட்டிடுவா, சொல்லிடாத கண்ணுன்னு அவரும் சத்தியம் வாங்கியிருக்கிறார். ராத்திரி சாப்பிடும்போது வலை பத்திரமா கீதான்னு அம்மா பயந்து பயந்து கேட்கிறாள், பத்திரமா கீதுன்னு நைனா சோற்றைப் பார்த்துச் சொல்கிறார், அப்புறம் இரண்டு பேரும் என்னைப் பார்க்கிறார்கள். நான் தண்ணீர் மொள்ள எழுந்து போய்விடுகிறேன்.

இன்றைக்குக் கரையில், எனக்கு முதுகு வலி, வெள்ளிக்கிழமை பாட்டை வேற யாருக்காவது விட்டுடலாம்னு பாக்கறேன் என்று நைனா ஊர்க்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். விட்டால் நம் முறை திரும்பி வருவதற்குள் இறால் பருவமே முடிந்துவிடும். ஆரம்பாக்கம் மாமா வீட்டில் இதே மாதிரி வலை சும்மாதான் தொங்குகிறது. நைனா போய்க் கேட்டால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும், அம்மா கேட்டால் நைனாவுக்குத் தெரிந்துவிடும், நான் கேட்டால் இரண்டு சத்தியமும் போய்விடும். உன்னிடம் சொல்லக் கூடாது என்று மட்டும் யாரும் சத்தியம் வாங்கவில்லை.

அதனால் ஒன்று செய். புது முகட்டைப் பார்க்க ஆசையாக இருக்கிறது, நைனாவே போட்டோ எடுத்து அனுப்பட்டும் என்று போனில் சொல். வடக்கு மூலையில் சிமெண்டுக்கு வெளியே பச்சை வலை ஒரு முழம் தொங்குகிறது, தரையைப் பார்த்தே நடப்பதால் இன்னும் அவர் கண்ணில் படவில்லை. தான் போட்ட முடிச்சு அவருக்குத் தெரியாதா. யாரும் யாருக்கும் சொன்னதாகவும் ஆகாது, அப்புறம் மாமாவிடம் வலை கேட்க இரண்டு பேருக்கும் தடை இருக்காது. உறையைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருக்கிறேன், பிரிந்திருந்தால் முத்தம்மாள் அத்தை படித்துவிட்டாள் என்று அர்த்தம். வியாழக்கிழமையே கூப்பிடு, தள்ளிப்போடாதே. மத்தியானம் அவர் சாப்பிட வரும் நேரமாகப் பார்த்துக் கூப்பிடு, அப்போது நான் ஸ்கூலில் இருப்பேன். அன்றைக்குச் சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறது என்று அம்மாவிடம் இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன்.

இப்படிக்கு, இரண்டு சத்தியத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட உன் தங்கை,
தேவதர்ஷினி